கனடா போஸ்ட், 2025: யூனியன் ஆர்பிட்ரேஷன் கேட்டது, கொம்பனி ஏன் மாட்டன் எண்டது?

மழைக்குருவி:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட வீட்டில ரெண்டு பேர் போஸ்ட்டில வேலை செய்யினம், அதால சாப்பிடேக்கயும் இதே கதைதான். 2025 ஓகஸ்ட் 1 முடிஞ்ச வாக்கெடுப்பில நகரப் பிரிவில 68.5%, கிராமப் பிரிவில 69.4% கொம்பனி குடுத்த கடைசி ஓஃபரை வேண்டாம் எண்டிட்டினம், அது விளங்குது. விளங்காதது என்னெண்டா, 2018ல பார்லிமென்ற் சட்டம் போட்டு ஸ்ரைக்கை நிப்பாட்டி ஆர்பிட்ரேற்றரிட்ட, அதாவது ரெண்டு பகுதியும் கட்டுப்பட வேண்டிய தீர்ப்புச் சொல்லுற நடுவரிட்ட, தள்ளேக்க உரிமையைப் பறிச்சுப்போட்டாங்கள் எண்டு யூனியன் கோட்டுக்கே போனது. 2025ல அதே யூனியன் தானாப் போய் ஆர்பிட்ரேஷன் தாங்கோ எண்டு கேட்டது, கொம்பனி மாட்டன் எண்டிட்டுது. தலைகீழா எல்லோ கிடக்கு?

பழைய பை:
தம்பியோ தங்கச்சியோ தெரியேல்லை, முதல்ல ரெண்டையும் பிரிச்சுப் பாருங்கோ. ஓவர்டைம் காசு தரேல்லை, பிழையாத் தண்டிச்சுப்போட்டாங்கள் எண்டு கிரீவன்ஸ் (முறைப்பாடு) போட்டு அது தீராமப் போனா வாற ஆர்பிட்ரேஷன் ஒண்டு, அதில இருக்கிற ஒப்பந்தம் என்ன சொல்லுது எண்டு மட்டும்தான் பாப்பினம். நீங்கள் கேக்கிறது மற்றது, வெளியாள் ஒருத்தர் இருந்து புது ஒப்பந்தத்தையே எழுதிறது. அதில வாற ஆக்கள் அனேகமா பெரிய மாற்றத்தில கை வைக்கமாட்டினம். ரெண்டு பகுதியும் இழுபறிப்பட்டு முடிச்சிருந்தா எங்க வந்து நிண்டிருப்பினமோ அந்த இடத்தைத்தான் தேடுவினம், மற்ற இடங்களில சம்பளம் எவ்வளவு ஏறினது, விலைவாசி என்ன எண்டு பாத்து ஒரு வீதம் போடுவினம், புது முறை வேணுமெண்டா நீங்களே பேசி எடுங்கோ எண்டு விட்டிடுவினம்.

இப்ப ஆருக்குப் புது முறை வேணும்? கொம்பனிக்கு. சனி ஞாயிறு பார்சல் குடுக்க பார்ட் டைம் ஆக்கள், நாளுக்கு நாள் மாறுற ரூட். யூனியனுக்கு இருக்கிறதைக் காப்பாத்தினாலே போதும். கொள்கை ஒண்டும் மாறேல்லை.

கணக்குப்புலி:
அண்ணா சொன்னது சரிதான், ஆனா காசு பக்கமும் பாருங்க. 2018ல இருந்து 3 பில்லியன் டாலருக்கு மேல நஷ்டம், 2025 ஆரம்பத்துல கவர்ன்மென்ட் ஒரு பில்லியன் கடன் அறிவிச்சதாலதான் வண்டி ஓடிச்சு. 2006ல 5.5 பில்லியன் லெட்டர் போச்சு, 2023ல 2 பில்லியன் சுமார். 2025 மே மாசம் அரசாங்கம் நியமிச்ச விசாரணை ஆணையர் வில்லியம் கப்லான் குடுத்த ரிப்போர்ட் கிட்டத்தட்ட திவால்னே சொல்லிடுச்சு, வார கடைசிக்கு பார்ட் டைம் ஆளு எடுக்கலாம், வீடு வீடா தினமும் லெட்டர் போடறதை விடலாம்னும் சொல்லியிருக்கு. அப்படி ஒரு ரிப்போர்ட் கையில இருக்கும்போது இன்னொருத்தர்கிட்ட போய் எதுக்கு மாட்டணும்? இழுத்தடிக்கும்னு கம்பெனி சொல்றதும் சும்மா இல்ல, 2018 நவம்பர்ல சட்டம் போட்டாங்க, தீர்ப்பு வந்தது 2020 ஜூன்ல.

கிராமத்து ரூட்:
ஆர்பிட்ரேற்றர் பெரிசா ஒண்டும் செய்யமாட்டார் எண்டு ஒரேயடியாச் சொல்லாதேங்கோ. 2018ல ஆர்பிட்ரேற்றர் மொரீன் ஃபிளின் குடுத்த தீர்ப்பு மறந்துபோச்சோ? கிராம ரூட் ஓடுறவை, கூடுதலா பொம்பிளையள், நகரத்து ஆக்களிட்ட இருக்கிற அதே பெறுமதியான வேலைக்குக் குறைஞ்ச சம்பளம் வாங்கினம் எண்டு சொல்லி ஏத்தி விட்டவ.

பழைய பை:
மறக்கேல்லை பிள்ளை, நல்ல தீர்ப்பு. ஆனா அது 2016 ஒப்பந்தத்தில ரெண்டு பகுதியும் ஒத்துக்கொண்டு போட்ட வழி, சம ஊதியம் எண்ட ஒரு கேள்விக்கு மட்டும். 2011ஐயும் பாருங்கோ, கொம்பனி ஆக்களை வேலைக்கு விடாமக் கதவைப் பூட்ட, அரசாங்கம் ரெண்டு ஓஃபரில ஒண்டை முழுசா எடு எண்டு சட்டம் போட்டது, 2016ல ஒன்ராறியோ கோட்டு அந்தச் சட்டம் பிழை எண்டு தீர்த்தது. ஆர் கேக்கினம், என்ன விதிக்குக் கீழ எண்டு பாக்காம ஆர்பிட்ரேஷன் நல்லது கூடாது எண்டு சொல்லேலாது.

மழைக்குருவி:
நன்றி அண்ணை. அப்ப தொழில் அமைச்சர் நினைச்சா, கனடா தொழிற் சட்டத்தின்ர 107ம் பிரிவைப் போட்டு ஆர்பிட்ரேஷனுக்குத் தள்ளலாம்தானே?

பழைய பை:
தள்ளப் பாக்கலாம். 2024 ஓகஸ்டில ரயில் கொம்பனியளுக்கு அப்பிடித்தான் நடந்தது, ஆர்பிட்ரேஷனுக்குப் போ எண்டே உத்தரவு. ஸ்ரைக் செய்த எங்கட 55,000 பேரை அந்த டிசம்பரில அதே 107ஆல வேலைக்கு அனுப்பேக்க ஆர்பிட்ரேஷன் குடுக்கேல்லை, பழைய ஒப்பந்தத்தை 2025 மே 22 வரை நீட்டினதோட சரி.