அடைபட்ட கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் போடலாமா?

நெடுஞ்சாலை:
என்னுடையது 1990களின் நடுவில் வெளிவந்த பெட்ரோல் கார். மேட்டில் ஏறும்போது இழுவை இல்லை; ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தாலும் ஒரு வேகத்துக்கு மேல் எஞ்சின் திணறுகிறது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையில் உள்ள நச்சு வாயுக்களை மாற்றும், புகைக்குழாயில் இருக்கும் உருளை) அடைத்துக்கொண்டதுதான் காரணம் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். புதிய கன்வெர்ட்டரின் விலை காரின் இன்றைய மதிப்பை எட்டிவிடும். ஆகவே அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு குழாயைப் பற்றவைக்கலாம் என்று நினைக்கிறேன். கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று கண்காணிக்கும் பின்பக்க ஆக்சிஜன் சென்சார் என் காரில் கிடையாது என்பதால் எச்சரிக்கை விளக்கும் எரியாது. குறைந்த தூரமே ஓடும் ஒரு பழைய வண்டியால் காற்று கெட்டுவிடும் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

பட்டறைக் குறிப்பேடு:
ஏற்க வேண்டாம், ஆனால் முதலில் அளந்து பாருங்கள். எஞ்சினுக்கும் கன்வெர்ட்டருக்கும் இடையில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, எஞ்சினை நிமிடத்துக்கு 2500 சுற்றில் ஓடவிட்டால், நல்ல நிலையில் உள்ள வண்டியில் முள் பொதுவாக 3 பிஎஸ்ஐயைத் தாண்டாது. தாண்டினால் புகைப்பாதையில் அடைப்பு இருக்கிறது என்று பொருள். அப்போதும் அது கன்வெர்ட்டரா, நசுங்கிய குழாயா, உள்ளே பிய்ந்துபோன சைலன்சரா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இழுவைக் குறைவுக்குப் பலவீனமான பெட்ரோல் பம்ப்பும் அடைத்த பில்டரும் கூடக் காரணமாகலாம். அளக்காமலே கன்வெர்ட்டரைக் குற்றவாளியாக்கும் பழக்கம் நம் தொழிலில் அதிகம். அதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

இன்னொன்று: கன்வெர்ட்டர் பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை. ஒரு சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆனால் எரியாத பெட்ரோல் உள்ளே போய் அங்கே எரிகிறது. அந்தச் சூட்டில் தேன்கூடு போன்ற செராமிக் உருகி வழிகளை மூடிக்கொள்கிறது. எண்ணெய் குடிக்கும் எஞ்சினாக இருந்தால் எண்ணெயில் உள்ள பாஸ்பரஸ் உலோகப் பூச்சின் மேல் படலமாகப் படிகிறது. நீங்கள் குழாய் போட்டால் அடைப்பு நீங்கும், ஆனால் அடைப்பை உண்டாக்கிய பழுது அப்படியே இருக்கும்.

கார்பரேட்டர் காலம்:
நான் நெடுஞ்சாலையின் பக்கம். கன்வெர்ட்டர் என்ற பொருளே இல்லாமல் தயாரான கார்களை நாங்கள் பலர் இன்றும் ஓட்டுகிறோம். அவற்றுக்குப் புகைச் சோதனையில் 3 விழுக்காடு, 3.5 விழுக்காடு என்ற அளவில் கார்பன் மோனாக்சைடை அனுமதிக்கும் நாடுகள் உண்டு. ஒரு வண்டிக்கு அந்த அளவு பொருந்தும் என்றால், அதே வயதை நெருங்கும் இன்னொரு வண்டிக்கு ஏன் பொருந்தக் கூடாது? சிறு தூரம் மட்டும் ஓடும் வண்டியில் கன்வெர்ட்டர் பாதி நேரம் வேலையே செய்வதில்லை என்பதையும் கணக்கில் எடுங்கள். ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி சூடு ஏறிய பிறகே அது விழித்துக்கொள்கிறது. அதற்குள் கடைக்குப் போய்விட்டு வண்டியை நிறுத்திவிடுகிறோம்.

தெளிந்த காற்று:
அனுமதி அளவு வயதை மட்டும் பார்த்து வகுக்கப்பட்டதன்று, வண்டி எப்படி வடிவமைக்கப்பட்டது என்பதையும் பார்த்தது. கார்பரேட்டர் வண்டியில் வேறு வழியில்லை என்பதால் அந்தச் சலுகை. உங்கள் கேள்விக்குரிய காரிலோ, முன்பக்க ஆக்சிஜன் சென்சார் சொல்லச் சொல்ல, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற கலவையை ஒட்டியே கணினி பெட்ரோல் தெளிக்கும் ஊசிகளை இயக்குகிறது. அந்தக் கலவை கன்வெர்ட்டருக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்றையும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவற்றால் ஒரே நேரத்தில் மாற்ற முடிவது அந்தக் குறுகிய எல்லைக்குள் மட்டுமே. சூடேறிய நல்ல கன்வெர்ட்டர் மூன்றிலும் 90 விழுக்காட்டுக்கு மேல் நீக்கிவிடும். அது இல்லாதபோது இதே எஞ்சின் வெளிவிடுவது, எவ்வளவு சீராக டியூன் செய்திருந்தாலும், அப்படியே குழாய் வழியே தெருவுக்கு வருகிறது.

குளிர்ந்த நிலையில் அது வேலை செய்யாது என்பது உண்மை. சூடான பிறகும் வேலை செய்யாமல் ஆக்குவதற்கு அது காரணமாகுமா?

நெடுஞ்சாலை:
சோதனையைப் பற்றியும் பேசுவோம். நின்ற நிலையில் குழாய்க்குள் ஒரு கம்பியை நுழைத்துப் பார்க்கும் சோதனையில் நைட்ரஜன் ஆக்சைடைப் பெரும்பாலும் அளப்பதே இல்லை. அப்படியிருக்கப் பெட்ரோலைக் குறைத்துக் கலவையைச் சற்று மெலிதாக்கினால் கார்பன் மோனாக்சைடு இறங்கிவிடும், வண்டியும் தேறிவிடும். சோதனையே அரைகுறை என்னும்போது நான் மட்டும் ஏன் முழு விலை கொடுக்க வேண்டும்?

பட்டறைக் குறிப்பேடு:
அந்த வழியை முயன்றவர்களின் வண்டிகள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. கன்வெர்ட்டரோடு வந்த கார்களுக்கு அனுமதி பெரும்பாலும் 0.5 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவு. கன்வெர்ட்டர் இல்லாமல் சரியான கலவையில் ஓடும் எஞ்சினின் கார்பன் மோனாக்சைடு அந்த எல்லையை ஒட்டியோ அதற்கு மேலோதான் நிற்கும். மெலிதாக்கினால் அது இறங்கும், ஆனால் பல இடங்களில் வேக ஐடிலில் (நின்ற நிலையில் எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிடும்போது) லாம்டாவும் (காற்று-பெட்ரோல் கலவையின் அளவு; சரியான கலவைக்கு 1) 0.97க்கும் 1.03க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பதால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். தவிர, ஆக்சிஜன் சென்சார் கெட்டுப்போகாத வரை உங்கள் கணினி உங்களை மெலிதாக்க விடாது. நீங்கள் குறைத்த பெட்ரோலை அது திரும்பக் கூட்டிவிடும். சென்சாரை ஏமாற்றினால் எஞ்சின் தட்டும், வால்வு சூடாகும். இவ்வளவு தொல்லைக்குப் பிறகும், சோதிப்பவர் குனிந்து காரின் அடியில் பார்த்தால் போதும்: இருக்க வேண்டிய உருளை அங்கே இல்லை. பல நாடுகளில் அதுவே தோல்விக்குக் காரணம். அமெரிக்காவில் 1975 மாடல் கார்களிலிருந்தும், ஐரோப்பாவில் யூரோ 1 என்ற புகை விதி வந்த 1990களின் தொடக்கத்திலிருந்தும் இது பரவலாக வந்த உறுப்பு. சோதிப்பவருக்கு அதன் இடம் தெரியாமல் இருக்காது.

கார்பரேட்டர் காலம்:
அப்படியானால் விலை குறைந்த மாற்றுக் கன்வெர்ட்டர்களைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்? உலோகப் பூச்சு குறைவாக இருப்பதால் சோதனை நாளில் தேறி, சில மாதங்களில் செத்துப்போகும் பொருள்களுக்குப் பணம் கொடுக்கச் சொல்வது நேர்மையா?

பட்டறைக் குறிப்பேடு:
பூச்சு மெலிந்த பொருள்கள் சந்தையில் இருப்பது உண்மை, அவற்றை நான் போட மாட்டேன். சான்று பெற்ற மாற்றுப் பொருளை, பழுது நீக்கிய எஞ்சினில் போட்டால் அது நன்றாகவே உழைக்கிறது. பழுதை விட்டுவிட்டுத் தயாரிப்பாளரின் அசலையே போட்டாலும் அது சீக்கிரமே உருகும். நெடுஞ்சாலை, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். கன்வெர்ட்டர் ஆறிய பிறகு அதன் உடம்பை ரப்பர் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உள்ளே கல் உருளுவது போலச் சத்தம் கேட்டால் செராமிக் உடைந்துவிட்டது. அதைக் காப்பாற்ற முடியாது. கேட்காவிட்டால் அழுத்தமானிக்குப் போங்கள்.

தெளிந்த காற்று:
ஒரு வண்டியால் காற்று கெடாது என்ற வாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்கிறது. உங்கள் வண்டிக்குப் பின்னால் சிக்னலில் நிற்பவர் இழுக்கும் மூச்சில், நகரத்தின் சராசரியைவிட உங்கள் குழாய்க்கே பங்கு அதிகம்.

நெடுஞ்சாலை:
அழுத்தமானியை இரவல் வாங்கி, பிளக்குகளையும் சேர்த்துப் பார்க்கிறேன். கன்வெர்ட்டர்தான் என்று உறுதியானால், விலையைத் தாங்க முடியாத நிலையில் வண்டியை ஓட்டாமல் நிறுத்துவதா, குழாயோடு ஓட்டுவதா என்ற கேள்வி மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. உங்கள் வாதங்களில் வேதியியலை ஏற்கிறேன். மலிவான வாகனத்தை நம்பி வாழ்பவர் மேல் முழுச் சுமையையும் ஏற்றுவதை ஏற்கவில்லை.

பட்டறைக் குறிப்பேடு:
அந்தச் சுமை அநியாயம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் முள் 3க்குக் கீழே நின்றால் நீங்கள் கன்வெர்ட்டர் வாங்கத் தேவையில்லை. முதலில் பம்ப்பின் அழுத்தத்தைப் பாருங்கள்; எண் என்னவென்று இங்கே எழுதுங்கள்.