ஆயாவின் நந்தி படம்: கண்ணாடியில் இருக்கும் குங்குமத்தைத் துடைக்கலாமா?

சாட்ஸ்வொர்த் மகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்கா, டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். ஆயா போய் ஒரு வருஷம் ஆகிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், அதனால் சாமி அறையில் இருந்த பெரிய நந்தி படத்தை இறக்கினோம். எனக்கு நினைவு தெரிந்த நாளாக அது அங்கேதான் தொங்குகிறது. ஆயா பிரதோஷத்துக்குப் பிரதோஷம் அதற்கு விபூதி, குங்குமம் வைப்பார். கண்ணாடியில் நெற்றி இருக்கும் இடத்தில் குங்குமம் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தடித்துப் போயிருக்கிறது.

படம் வந்த கதை இது. தாத்தா டர்பனில் பெரியா பகுதியில் ஒரு வெள்ளைக்கார அம்மா வீட்டில் தோட்ட வேலை பார்த்தார். அந்த அம்மா இங்கிலாந்துக்குத் திரும்பும்போது, "இது உங்க ஊர் சாமிதானே" என்று தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்போது எங்கள் வீடு கேட்டோ மேனரில். 60களில் நிறவெறி அரசு அங்கிருந்து எங்களைக் கிளப்பி இங்கே அனுப்பினபோது, ஆயா லாரியில் இந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். பாத்திரம் பண்டமெல்லாம் பின்னால் உருண்டுகொண்டு வந்தது.

படம் மட்டும் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் அகலம், 42 உயரம். வெள்ளை ஓரம் கிடையாது, எழுத்தும் இல்லை. வானத்தில் தேயிலைக் கறை மாதிரி பழுப்புப் புள்ளிகள். பக்கத்து ஃப்ரேம் கடைக்காரர், "கழுவி, லேமினேட் பண்ணி, புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன்" என்கிறார். அக்கா மகன் இது விலை போகும் என்கிறான். கொடுக்கலாமா? குங்குமத்தைத் துடைக்கலாமா? போட்டோ இணைத்திருக்கிறேன்.

ஜோசி வாசி:

பழைய இங்கிலீஷ் படம் மாதிரி தெரிகிறது. லேமினேட் எல்லாம் பண்ணாதீர்கள். சுத்தமாகத் துடைத்து நல்ல போட்டோ எடுத்து லண்டனில் ஏலம் விடுகிறவர்களுக்கு மெயில் போடுங்கள். வீட்டில் தொங்கினால் என்ன வரப்போகிறது?

காகிதக்காரி:

தங்கச்சி, கடைக்காரரிடம் கொடுக்க வேண்டாம். ஜோசி அண்ணன் சொன்னதில் லேமினேட் வேண்டாம் என்பது மட்டும் சரி. துடைக்கவும் வேண்டாம்.

நான் குவாசுலு-நட்டாலில் ஒரு அருங்காட்சியகத்தில் பழைய ஐரோப்பிய அச்சுப்படங்களுக்குப் பொறுப்பாளர். இடத்தின் பெயர் வேண்டாம், இது என் சொந்தப் பேச்சு. பிறந்தது பீட்டர்மாரிட்ஸ்பர்க். அப்பா மாலை நேரத் தமிழ்ப் பள்ளி வாத்தியார். கல்யாண வீடுகளில் என்ன வேலை என்று கேட்டால் "காகிதம் பார்த்துக்கிற வேலை" என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். ரெம்ப்ராண்ட், கோயா என்று ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும்.

உங்கள் போட்டோவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அது தஞ்சாவூர்ப் பெரிய கோவில் நந்தி. தாமஸ் டேனியல், அவர் அண்ணன் மகன் வில்லியம் டேனியல் என்று இரண்டு ஆங்கில ஓவியர்கள் 1792-ல் தென்னாட்டுப் பயணம் கிளம்பினார்கள். பிறகு லண்டனில் 1795 முதல் 1808 வரை 144 படங்களை அச்சிட்டு வெளியிட்டார்கள். அதில் 1798-ல் வந்தது இந்த நந்தி. அமைப்பு அதேதான். ஆனால் அமைப்பு அதே என்பதால் அச்சும் அதே என்று ஆகாது. பிற்காலத்தில் இந்தப் படங்களை ஆஃப்செட்டில் நிறைய அச்சடித்திருக்கிறார்கள். உங்களிடம் இருப்பது எது என்று நீங்களே பாதி கண்டுபிடிக்கலாம்.

சொந்தத்தில் நகை ஆசாரி யாராவது இருந்தால் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை ஒரு நாள் கடன் வாங்குங்கள். கண்ணாடி வழியாகவே பார்க்கலாம், எதையும் கழற்ற வேண்டாம். வானத்தில் ஒரு இடம், நந்தியின் நிழலில் ஒரு இடம் பாருங்கள். கோலப் புள்ளி வைத்த மாதிரி ஒழுங்கான வரிசையில் வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது பின்னால் வந்த நகல். ஏரி வற்றினபின் சேறு வெடித்துக் கிடக்குமே, அந்த மாதிரி ஒழுங்கில்லாத வலை தெரிந்தால் அது அக்வாடின்ட், அதாவது டேனியல்கள் கையாண்ட செப்புத் தகட்டு அச்சு.

அந்த வலை எப்படி வருகிறது தெரியுமா? செப்புத் தகட்டின் மேல் பிசின் தூளை மெல்லப் படியவிட்டு, அடியில் சூடு காட்டுவார்கள். ஒவ்வொரு துகளும் உருகித் தகட்டில் பிடித்துக்கொள்ளும். அமிலத்தில் போட்டால், துகள் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு இடுக்குகளை மட்டும் அது அரிக்கும். மேகம் வெளுப்பாக வேண்டுமா, ஒரு நிமிஷத்தில் வெளியே எடுத்து அந்த இடத்துக்கு வார்னிஷ் பூசி மறுபடி அமிலத்தில் விடுவார்கள். நந்தியின் வயிற்றடி நிழல் கடைசி வரை அமிலத்தில் கிடந்திருக்கும். அச்சானபிறகு மேலே நீர்வண்ணம் கையால் பூசுவது. அதனால் ஒரு பிரதியின் வானம் இன்னொரு பிரதிக்கு வராது.

ஓரம் இல்லை என்று பயப்பட வேண்டாம். அந்தக் காலத்திலேயே ஓரத்தை வெட்டி அட்டையில் ஒட்டி, ஓவியம் மாதிரி வைத்துக்கொள்வது உண்டு. இங்கிலாந்தில் 1735 முதல் அச்சுப்படத்தில் வெளியிட்ட தேதி இருந்தால்தான் பதிப்புரிமை என்று சட்டம். அந்த வரி இருந்தால் என் வேலை சுலபம், உங்களுடையதில் வெட்டுப்பட்டுவிட்டது. பின்னால் வெளிச்சம் பிடித்தால் காகிதத்தில் வாட்மன் என்ற ஆலையின் பெயரும் வருஷமும் நீர்க்குறியாகத் தெரியலாம். அட்டையில் ஒட்டியிருந்தால் அதுவும் தெரியாது. பிரிக்க முயல வேண்டாம்.

இப்போது குங்குமம். அது இருப்பது கண்ணாடியில், காகிதத்தில் அல்ல. படத்துக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. துடைத்தால் போய்விடும், திரும்ப வராது. டேனியல் அச்சுகள் லண்டனிலும் இருக்கின்றன, கொல்கத்தாவிலும் இருக்கின்றன. கேட்டோ மேனரில் கும்பிடப்பட்ட டேனியல் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. எனக்கு அந்தக் குங்குமம்தான் பதிவேட்டின் முதல் வரி. முதலில் அப்படியே போட்டோ எடுங்கள், நேராகவும் பக்கவாட்டு வெளிச்சத்திலும்.

பழுப்புப் புள்ளிகளுக்குக் காரணம் நம் ஊர் ஈரம். டர்பன் ஜனவரி காற்றில் அப்பளமே நமத்துப்போகும், 200 வருஷத்துக் காகிதம் என்ன செய்யும். கழுவினால் கறையோடு கைவண்ணமும் போகும். எங்கள் இடத்தில் ஈரத்தை 50 சதவீதத்தை ஒட்டி வைக்கப் பார்ப்போம். பார்ப்போம் என்றுதான் சொல்ல முடியும். கரண்ட் நாளுக்கு மூன்று தடவை போன அந்தக் காலத்தில், ஒரு நீண்ட வார இறுதியில் ஈரம் உறிஞ்சும் மெஷின் நின்றுபோய், மறுபடி கரண்ட் வந்தும் தானாக ஓடவில்லை. செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்தால் நெல் அவிக்கிற வாடை. ஒரு பெட்டியில் மேலே இருந்த நான்கு படங்களின் முதுகில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. மெஷினைத் தானாகக் கிளம்பும்படி மாற்றச் சொல்லி நான் எழுதின கடிதம் அதற்கு ஐந்து மாதம் முன்பே மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகு வெளிச்சம். வெளிச்சத்தை லக்ஸ் என்று அளப்பார்கள், காகிதத்துக்கு 50 லக்ஸ்தான் கணக்கு. மூன்று மாதம் மாட்டினால் சில வருஷம் பெட்டிக்குள். ஓய்வு கொடுத்தால் வண்ணம் தேறிவிடும் என்று நினைப்பார்கள். தேறாது, போனது போனதுதான். இன்னும் போகாமல் மிச்சம் பிடிக்கிறோம். உங்கள் சாமி அறைக்கு ஜன்னல் இல்லையென்றால் ஆயா எங்களைவிட நன்றாகவே காப்பாற்றியிருக்கிறார். விளக்குப் புகை மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது.

விலை சொல்ல மாட்டேன். வெளியார் பொருளுக்கு அருங்காட்சியகத்தில் இருப்பவர்கள் விலை மதிப்புச் சொல்வது எங்கள் தொழில் ஒழுங்குக்கு ஒத்துவராது. ஜோசி அண்ணா, வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் 1999 பாரம்பரியச் சட்டப்படி அனுமதி வேண்டுமா என்று சாராவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நான் சொல்வது பாரம்பரியப் பொருள்களுக்கான அரசு அமைப்பை, யாரோ ஒரு சாராவை இல்லை.

தஞ்சாவூர்க்காரன்:

படத்தைப் பார்த்ததும் ஊர் வாசனை அடித்துவிட்டது. மாட்டுப் பொங்கலன்று அந்த நந்திக்குக் காய்கறி, பழம் எல்லாம் மாலையாகக் கட்டி அலங்காரம் பண்ணுவார்கள். கத்திரிக்காய்க்குள் முகம் மட்டும் தெரியும். டர்பனில் இத்தனை வருஷம் அதற்குக் குங்குமம் கிடைத்திருக்கிறது என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். அம்மா, படத்துக்கு என்ன தலைப்பு வைத்தார்கள்?

காகிதக்காரி:

"தஞ்சையில் உள்ள பெரிய எருது, ஓர் இந்து விக்கிரகம்" என்கிற பொருளில் வைத்தார்கள். நந்தி என்ற பெயர் இல்லை. பதிவேட்டில் அச்சில் உள்ள தலைப்பை எழுத்து மாறாமல் ஏற்ற வேண்டும், அது விதி. அடுத்த வரியில் நான் நந்தி என்று எழுதுவேன், அது என் உரிமை.

இது எளிய கேஸ். 1849-ல் ஆங்காஸ் என்பவர் இந்த நாட்டு மக்களை வரைந்து லண்டனில் போட்ட கல்லச்சுத் தொகுப்பு இருக்கிறது. முப்பது படம், அழகான கைவண்ணம். தொகுப்பின் தலைப்பிலேயே கறுப்பின மக்களை இழிவாகக் குறிக்கும் ஒரு சொல் இருக்கும், அதை இன்றைக்கு இங்கே யாரையாவது பார்த்துச் சொன்னால் கோர்ட்டில் நிற்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் வரும் சுவரில் அதை எப்படி மாட்டுவது? பதிவேட்டில் இருக்கும், சுவரில் இருக்காது என்று முடிவெடுக்க மூன்று கூட்டம் ஆனது.

டேனியல் குடும்பத்தில் இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன், அடக்க முடியவில்லை. வில்லியமின் தம்பி சாமுவேல். அண்ணன் இந்தியா போக, தம்பி நம் நாட்டுக் கேப் பகுதிக்கு வந்தார். 1804-05-ல் ஆப்பிரிக்க விலங்குகள், காட்சிகள் என்று 30 அக்வாடின்ட் வெளியிட்டார். பிறகு இலங்கைக்குப் போய் 1811-ல் அங்கேயே இறந்தார். ஆப்பிரிக்காவையும் இலங்கையையும் பார்த்தவர். இலங்கைக்குப் பக்கத்திலேயே இருந்த தஞ்சாவூரை அண்ணனுக்கே விட்டுவிட்டார்.

சாட்ஸ்வொர்த் மகள்:

அக்கா, ஆசாரி சித்தப்பாவின் லென்ஸில் பார்த்தேன். கோலப் புள்ளி இல்லை! வெடித்த சேறுதான். நிழலில் நெருக்கமாக, வானத்தில் நூல் மாதிரி. நந்தியின் முதுகில் பழுப்பு வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கிறது, யாரோ அவசரத்தில் பூசின மாதிரி.

பின்பக்கத்துப் பழுப்புக் காகிதம் தானாகவே ஒரு மூலையில் பிரிந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தோம். வெஸ்ட் ஸ்ட்ரீட் ஃப்ரேம் கடைச் சீட்டு ஒன்று ஒட்டியிருக்கிறது. அட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவில் மடித்த காகிதத்தில் விபூதிப் பொட்டலம். ஆயா கை மடிப்புத்தான் அது, எங்களுக்குப் பரீட்சைக்கு அப்படித்தான் மடித்துக் கொடுப்பார். அம்மா அதைப் பார்த்துவிட்டுப் போய் சமையலறையில் உட்கார்ந்துகொண்டார்.

இனி என்ன செய்ய?

காகிதக்காரி:

லென்ஸ் சொன்னது நல்ல சேதி. ஆனால் 1798 என்று இன்னும் எழுத மாட்டேன். 1812 முதல் இதே படங்களைச் சிறிய அளவில் மறுபடி போட்டார்கள். அளவைப் பார்த்தால் உங்களுடையது பெரிய பதிப்பு மாதிரி இருக்கிறது. இருந்தாலும் காகிதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம். தனியாக ஒரு உறையில் போட்டு, எந்தப் பக்கம் இருந்தது என்று பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம். கடைச் சீட்டு இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். வெஸ்ட் ஸ்ட்ரீட்டுக்கு இப்போது பிக்ஸ்லி காசெமே பெயர். பழைய பெயரே ஒரு சாட்சி.

படத்தை என்னிடம் காட்டலாம். அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. அமிலம் இல்லாத அட்டைக்கு மாற்றி, ஜப்பான் காகிதத்தில் கோதுமை மாவுச்சத்துப் பசையால் கீல் வைத்து, படம் கண்ணாடியில் படாமல் இடைவெளி விட்டு, அதே சட்டத்தில், அதே கண்ணாடியோடு திருப்பித் தரச் சொல்கிறேன். காகிதம் பழுதுபார்க்கிற ஒருவரைத் தெரியும். காசு உண்டு, முன்பே கேட்டுச் சொல்கிறேன்.

சாட்ஸ்வொர்த் மகள்:

அம்மா ஒத்துக்கொண்டார், மூன்று நிபந்தனையோடு. இந்தச் சனிப் பிரதோஷம் முடிய வேண்டும். செவ்வாய், வெள்ளியில் நந்தி வீட்டை விட்டு இறங்கக் கூடாது. அதனால் புதன்கிழமை வருகிறோம். மூன்றாவது, அது திரும்பும் வரை சுவர் காலியாக இருக்கக் கூடாதாம். கலர் நகல் எடுத்து மாட்டலாமா, அந்த நகலுக்குக் குங்குமம் வைத்தால் உங்கள் விதிக்கு விரோதமா என்று கேட்கச் சொன்னார்.

காகிதக்காரி:

நகலுக்கு எங்களிடம் விதியே கிடையாது. அம்மா விளக்கும் ஏற்றட்டும், கற்பூரமும் காட்டட்டும்.

புதன்கிழமை பத்து மணிக்கு மேல் வாருங்கள். கார் டிக்கியில் போட வேண்டாம். துணி சுற்றி, கண்ணாடி உங்கள் பக்கம் இருக்கிற மாதிரி, மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு வாருங்கள். ஆயா லாரியில் எப்படிக் கொண்டுவந்தாரோ அப்படியே.