வில்லிப்ரோர்டு: திருநிலைப்பாடு 695இலா 696இலா? எக்தர்நாக் பவனியின் அடி வைப்பு எப்படி?

கேள்வி:
பிரீசிய மக்களிடம் மறைபரப்பிய புனித வில்லிப்ரோர்டின் காலவரிசையில் இரண்டு இடம் இடிக்கிறது. ரோமில் அவர் ஆயரான ஆண்டு ஆங்கிலேயத் துறவி பீட் எழுதிய வரலாற்றில் 696. வேறு நூல்களில் 695. எதைக் கொள்வது? அடுத்தது, அவர் நினைவாக லக்சம்பர்க் நாட்டின் எக்தர்நாக் ஊரில் நடக்கும் நடனப் பவனியில் ‘மூன்றடி முன்னே, இரண்டடி பின்னே’ என்று பல இடங்களில் எழுதியிருக்கிறது. காணொளிகளில் யாரும் பின்னால் போகக் காணோமே?

பதில் 1:
695 என்றே போடுங்கள். வில்லிப்ரோர்டு பயன்படுத்திய திருநாள் காட்டி இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதன் ஓரத்தில் ஒரு குறிப்பு: 690இல் கடல் கடந்து பிராங்கு நாட்டுக்கு வந்தது, 695இல் தகுதியில்லாதவனாயினும் திருத்தந்தை செர்ஜியுஸிடம் ஆயர் பட்டம் பெற்றது, எழுதும் ஆண்டு 728. அவர் கையெழுத்தேதான் என்பது ஆய்வாளர் பெரும்பாலோரின் முடிவு.

கிழமையையும் கணக்கிட்டுப் பாருங்கள். திருநாள் காட்டி திருநிலைப்பாட்டை நவம்பர் 21இல் வைக்கிறது. ஜூலியன் கணக்கில் 695 நவம்பர் 21 ஞாயிறு; ஆயர் திருநிலைப்பாட்டுக்கு வழக்கமான கிழமை அது. பீட் சொல்லும் புனித செசிலியா திருநாள் நவம்பர் 22. 696இல் அது புதன்கிழமை. வேடிக்கை என்னவென்றால், 731இல் எழுதி முடித்த அதே நூலில், வில்லிப்ரோர்டு ஆயர் பணியின் 36ஆம் ஆண்டில் இருப்பதாகப் பீட் சொல்கிறார். 695 நவம்பரிலிருந்து எண்ணினால் 731இன் பெரும்பகுதி 36ஆம் ஆண்டுதான். 696 என்றால் நவம்பர் வந்தால்தான் அந்த ஆண்டே தொடங்கும்.

பதில் 2:
பவனிக்கு வருகிறேன். பின்னால் போகும் அடி பழைய வழக்கம். வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று முட்டி, ஊர்வலம் அடிக்கடி நின்றுபோகும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதை விட்டுவிட்டார்கள். இப்போது இடப்பக்கம் ஒரு துள்ளல், வலப்பக்கம் ஒரு துள்ளல். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் முன்னேற்றம். பக்கவாட்டில் அகலமாகத் துள்ளினால் முன்னேற்றம் குறைந்து பின்வரிசை வந்து இடிக்கும்.

பொதுவாக ஐந்து ஐந்து பேராக நிற்பார்கள். கையைப் பிடிப்பதில்லை, இருவருக்கு நடுவே ஒரு வெள்ளைக் கைக்குட்டை, ஆளுக்கொரு முனை. அது தொய்ந்தால் வரிசை நெளிகிறது என்று பொருள். இசைக்குழுக்கள் வாசிப்பது ஒரே போல்கா மெட்டு. பவனி பேராலயத்துக்குள் நுழைந்து நிலவறையிலுள்ள வில்லிப்ரோர்டின் கல்லறையைக் கடந்துபோகும்.

பவனி நாளைக் கணக்கிடுவது எளிது: உயிர்ப்புப் பெருவிழா ஞாயிறோடு 51 நாள் கூட்டினால் பவனி நடக்கும் செவ்வாய். அவருடைய திருநாளான நவம்பர் 7ஐ, அதாவது 739இல் அவர் இறந்த நாளை, இதோடு குழப்பிவிடுகிறார்கள். 2010இல் யுனெஸ்கோவின் தொட்டுணர முடியாத மரபுப் பட்டியலில் சேர்ந்தது பவனிதான், பேராலயம் அல்ல. துள்ளல் அவர் காலத்திலிருந்தே வருகிறது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதற்கு உறுதியான சான்று 15ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் கிடைக்கிறது.

பதில் 3:
காலவரிசை என்பதால் ஒரு எச்சரிக்கை. அறிஞர் அல்குயின் எழுதிய வாழ்க்கை வரலாறு வில்லிப்ரோர்டு இறந்து அரை நூற்றாண்டுக்குப் பிந்தியது. அல்குயின் அவருக்கு உறவினர். எழுதச் சொன்னவரோ எக்தர்நாக் மடத்தின் தலைவர். மடத்துக்குப் பெருமை சேர்க்கும் நூல் என்பதை மறக்க வேண்டாம். ஃபோசிட் என்ற தெய்வத்தின் பெயர்கொண்ட தீவில் புனித ஊற்றில் மூவருக்குத் திருமுழுக்கு அளித்ததும், பிரீசிய அரசன் ராட்பாட் சீட்டுப் போட்டுத் தோழர் ஒருவரைக் கொன்றதும் அதில் ஆண்டில்லாமல் வருகின்றன. ராட்பாட் 719இல் இறந்தான். ஆகவே ‘719க்கு முன்’ என்பதற்கு மேல் போகாதீர்கள். எக்தர்நாக் மட நிறுவலுக்கு 698 போதும். நிலம் கொடுத்தவர் இர்மினா. பிராங்கு நாட்டை ஆண்ட பெபினின் பெயரையே முதலில் போடுவார்கள், அவர் கொடை 706இல்தான்.