ரோபோ செல் கேட்டில் இன்டர்லாக்கை பைபாஸ் செய்கிறார்கள், மெமோ கொடுத்தும் நிற்கவில்லை. எங்கிருந்து சரிசெய்வது?

சூளகிரி_லைன் கேட்டது:

ஓசூர் பக்கம் ஷாஃப்ட் மெஷினிங் லைன். இரண்டு சி.என்.சி. டர்னிங் சென்டர், நடுவில் ஆறு அச்சு ரோபோ, சுற்றிலும் வேலி, ஒரே கேட்: இதுதான் ஒரு செல். கேட் திறந்தால் ரோபோவை நிறுத்தும் சுவிட்ச்தான் இன்டர்லாக். மூன்று பிரச்சினை.

ஒன்று, வெட்டும்போது வரும் உலோகச் சிப் சுருண்டு, ஜாப்பை (அதாவது ஷாஃப்ட்டை) பிடிக்கும் சக்கிலும் ரோபோவின் கை நுனியான கிரிப்பரிலும் மாட்டுகிறது. ஜாப் உட்கார்ந்ததா என்று பார்க்கும் சென்சார் தப்பாகக் காட்டி ரோபோ நின்றுவிடும். முறைப்படி போனால் சைக்கிள் ஸ்டாப் போட்டு, ரோபோ தன் தொடக்க இடமான ஹோமுக்குப் போகும்வரை காத்திருந்து, கேட் திறந்து, எடுத்து, மூடி, ரீசெட் அடித்து, இரண்டு மெஷினையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். பத்து விநாடி வேலைக்கு ஐந்து நிமிடம். அதனால் கேட் மூடியிருக்கிறது என்று சுவிட்ச் நம்பும்படி அதில் ஸ்பேர் நாக்கை (கதவில் இருக்கும் சாவி போன்ற துண்டு) சொருகிவிட்டு உள்ளே போகிறார்கள்.

இரண்டு, மூன்று செல்லுக்கு ஒரே ஆபரேட்டர். நைட் ஷிஃப்டில் அலாரம் வந்தால் படிக்காமலே ரீசெட் அடிக்கிறார்கள். கேமரா ஒதுக்கிய ஜாப்பைக் கண்ணால் மறுபடி பார்க்கும் இடத்திலும் கெட்டது தப்பிப் போகிறது.

மூன்று, அசெம்பிளி பக்கம் புதிதாக ஒரு கோபாட் (ஆளோடு சேர்ந்து வேலை செய்யும் ரோபோ) வைத்தோம். பக்கத்தில் உட்காரும் பெண்கள் அது அசைந்தாலே கையை இழுத்துக்கொள்கிறார்கள். சப்ளையரோ “வேலியே வேண்டாம், சேஃப்” என்கிறார். எதை முதலில் பிடிப்பது?

---

மத்திகிரி_72:

ஸ்பேர் நாக்கு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பேரை சஸ்பெண்ட் செய்தால் மற்றவர்கள் தானாகத் திருந்துவார்கள்.

---

பென்னாகரத்தான்:

72 அண்ணா சொல்வதைச் செய்தால் நாக்கு ஒளிந்துகொள்ளும், பைபாஸ் நிற்காது. ஷிஃப்ட் டார்கெட்டும் அதே ஆபரேட்டர் தலையில், ஐந்து நிமிட நடைமுறையும் அதே தலையில் என்றால் அவர் எதை விடுவார்? இன்டர்லாக்குகளுக்கான ஐ.எஸ்.ஓ. 14119 தரநிலையே இதை ஆள் குற்றமாகப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வேலையாக எடுத்து, பைபாஸ் இல்லாமல் இதைச் செய்ய முடியுமா, பைபாஸ் செய்தால் என்ன லாபம் என்று மதிப்பிட அதில் ஒரு அட்டவணை இருக்கிறது. லாபம் இருக்கிற இடத்தில் பைபாஸ் நடக்கும் என்று வைத்துக்கொண்டுதான் டிசைன் செய்யச் சொல்கிறது.

முதலில் ஒரு வாரம் கேட் ஏன் திறக்கப்படுகிறது என்று காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டாம். பெயர் கேட்டால் தாள் காலியாகத்தான் வரும். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் சிப்பாகத்தான் இருக்கும். அப்படியென்றால் வேலை கேட்டில் இல்லை, டூலில் இருக்கிறது. ஃபினிஷிங்கில் ஃபீடும் ஆழமும் இன்சர்ட்டின் (டூலின் வெட்டும் முனைத் துண்டு) சிப் பிரேக்கர் வேலை செய்யும் வரம்புக்குக் கீழே போனால் சிப் உடையாமல் நூலாக வரும். வேறு பிரேக்கர் ஜியோமெட்ரி, கொஞ்சம் கூடுதல் ஃபீடு, வெட்டும் முனையிலேயே விழும் கூலன்ட், ஜாப் வைக்கும் முன் சக் முகத்தில் ஒரு ஏர் ப்ளோ: இந்த நாலையும் பாருங்கள். சென்சாரும் உலோகத்தை உணரும் இண்டக்டிவ் வகை என்றால் முன்னால் சிப் குவிந்தாலே “ஜாப் இருக்கு” என்று சொல்லும். சக் முகத்தில் சின்னத் துளை வழியாகக் காற்று விட்டு, அழுத்தம் ஏறுகிறதா என்று பார்க்கும் ஏர் சீட்டிங் செக் இதற்கு நல்லது. துளையைக் காற்றே சுத்தமாக வைத்துக்கொள்ளும்.

அடுத்து, நேர்வழியைச் சுருக்குங்கள். கேட் ரிக்வெஸ்ட் பட்டனை அழுத்தினால் ரோபோ ஹோமுக்குப் போக வேண்டிய அவசியமில்லை. நடக்கிற ஒரு மூவ் முடிந்து அடுத்த பாதுகாப்பான புள்ளியில் நின்று, சேஃப் ஸ்டாப் உறுதியான பிறகு கேட் லாக் திறந்தால் போதும். கதவு மூடி வெட்டிக்கொண்டிருக்கும் சி.என்.சி. ஓடட்டும், அதன் ஆட்டோ டோர் மட்டும் திறக்காதபடி பிடித்துவைக்க வேண்டும். கதவு திறந்திருக்கும் மெஷினில் ஸ்பிண்டில், சக், டோர் மூன்றும் நிற்க வேண்டும். கேட் மூடி, ரீசெட் அடித்து, தனியாக ஸ்டார்ட் கொடுத்ததும் நின்ற இடத்திலிருந்தே தொடரட்டும். ஐந்து நிமிடம் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டால் நாக்கைத் தேடிப் போகும் ஆள் குறைவு.

ஸ்பேர் நாக்கை ஏற்காத கோடட் சுவிட்ச் கடைசியில்தான். உயர் கோடிங் உள்ள ஆர்.எஃப்.ஐ.டி. வகை, தன் ஜோடி ஆக்சுவேட்டரை (நாக்கை) தவிர வேறெதையும் ஏற்காது. அதை முதலில் மாட்டினால் ஆட்கள் வேலி ஏறிக் குதிப்பார்கள். 1979 ஜனவரியில் மிச்சிகனில் ஃபோர்டின் ஃப்ளாட் ராக் வார்ப்பாலையில் ராபர்ட் வில்லியம்ஸ் இறந்ததும் இந்த மாதிரிதான். பாகங்களை எடுத்துத்தரும் இயந்திரம் சரியாக வேலை செய்யாததால் அலமாரிக்குள் அவரே ஏறி எடுக்கப் போனார். இயந்திரக் கை பின்னாலிருந்து அடித்தது.

ஆபரேட்டர்களைச் செல்லுக்கு எதிரிலேயே நிறுத்தி ஒன்றைப் புரியவையுங்கள். அசையாமல் நிற்கும் ரோபோ நின்றுபோனது இல்லை, சிக்னலுக்குக் காத்திருக்கிறது. பைபாஸில் உள்ளே போனவர் சென்சார் மேலிருக்கும் சிப்பைத் துடைக்கிறார். சென்சார் நிலை மாறுகிறது. செல்லை இயக்கும் கன்ட்ரோலரான பி.எல்.சி. எதிர்பார்த்துக்கொண்டிருந்த சிக்னலே அதுதான். ரோபோவுக்கு ஸ்டார்ட் கொடுத்தது அவர் கையிலிருக்கும் துணி.

ரீசெட் பட்டன் வெளியே, செல் முழுவதும் தெரிகிற இடத்தில், உள்ளிருந்து கை எட்டாதபடி இருக்க வேண்டும். உள்ளே போகும் ஒவ்வொருவரும் கேட்டில் தன் பூட்டைப் போட வேண்டும்.

---

சூளகிரி_லைன்:

கேட்டை எடுத்துவிட்டு லைட் கர்ட்டன் (ஆள் குறுக்கிட்டால் ரோபோவை நிறுத்தும் ஒளித் திரை) வைத்தால் இன்னும் சுலபம் ஆகாதா சார்?

---

சிப்காட்_பி.எல்.சி.:

இடம் இருக்கிறதா என்று முதலில் அளங்கள். ஆபத்தான இடத்திலிருந்து கர்ட்டனை எவ்வளவு தள்ளி வைப்பது என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 13855, 2010 பதிப்புக் கணக்கு: தூரம் = வேகம் × மொத்த நிற்கும் நேரம் + கூடுதல். கை வேகம் விநாடிக்கு 2000 மி.மீ.; விடை 500 மி.மீ. தாண்டினால் 1600 வைத்து மறுபடி போடலாம், ஆனால் 500-க்குக் கீழே இறங்கக் கூடாது. கூடுதல் என்பது 8 × (ரெசல்யூஷன் − 14); ரெசல்யூஷன் என்பது கர்ட்டன் கண்டுபிடிக்கும் மிகச் சிறிய பொருளின் மி.மீ. அளவு.

கர்ட்டன், ரிலே, ரோபோ எல்லாம் சேர்ந்து 0.35 விநாடி என்று வையுங்கள். 14 மி.மீ. கர்ட்டன்: 1600 × 0.35 = 560 மி.மீ. 30 மி.மீ. கர்ட்டன்: 560 + 128 = 688 மி.மீ. 0.35 ஒரு உதாரணம்தான். உங்கள் ரோபோவில் முழு லோடு, முழு வேகம், கை முழுதாக நீண்ட நிலையில் அளந்து போடுங்கள். பிரேக் தேயத் தேய அந்த நேரம் கூடும், வருடம் ஒருமுறையாவது மறுபடி அளக்க வேண்டும். புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஆர்டர் போடும் முன் அதையும் பாருங்கள்.

இன்னொரு சிக்கல்: கர்ட்டனைத் தாண்டி உள்ளே ஆள் நிற்க இடம் இருந்தால், தாண்டிய பிறகு கர்ட்டன் “காலி” என்றுதான் சொல்லும். தரையில் ஸ்கேனரும் வெளியே மேனுவல் ரீசெட்டும் இல்லாமல் வேண்டாம். உங்களுக்கு கேட்டே போதும் என்பது என் கருத்து. சிப்பும் கூலன்ட்டும் தெறிக்கிற இடத்தில் கர்ட்டன் சும்மா சும்மா டிரிப் ஆகும், அப்புறம் அதையும் பைபாஸ் செய்வார்கள்.

---

தகடூர்_ஷிஃப்ட்:

இரண்டாவது பிரச்சினைக்கு வருகிறேன். “பார்த்துக்கொண்டே இரு” என்பது மனிதனுக்குக் கொடுக்கக்கூடிய வேலை இல்லை. 1948-லேயே உளவியலாளர் மேக்வொர்த் ரேடார் கண்காணிப்பு பற்றிய சோதனையில் காட்டியது, அரை மணி நேரத்துக்குள் கவனம் சரியத் தொடங்குகிறது. அதிகாலை மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள் இன்னும் மோசம். 1983-இல் லிசான் பெய்ன்பிரிட்ஜ் எழுதியது இதற்கு அடுத்த படி: சுலபமான வேலையை எல்லாம் ஆட்டோமேஷன் எடுத்துக்கொண்டு, அதற்கு முடியாததை மட்டும் ஆளிடம் விடுகிறது, அதைச் செய்யத் தேவையான கைப்பழக்கத்தையும் பறித்துவிடுகிறது. உங்கள் ஆபரேட்டர் சோம்பேறி இல்லை.

அதனால் கையில் வேலை கொடுங்கள். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒரு ஜாப்பை அவரே எடுத்து கேஜ் வைத்து, சார்ட்டில் புள்ளி போட்டு, டூல் ஆஃப்செட்டை (டூல் நிலைத் திருத்தத்தை) வரம்புக்குள் அவரே மாற்றட்டும். வாரத்தில் ஒரு ஷிஃப்டிலாவது கொஞ்ச நேரம் கையால் லோட் செய்து ஓட்டட்டும். ரோபோ படுத்துவிட்ட இரவில் லைன் ஓடுமா என்பது அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

அலாரம்: ஒரு ஆளுக்குச் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்பதுதான் பிராசஸ் ஆலைகளில் ஏற்றுக்கொண்ட அளவு. உங்கள் மூன்று செல்லையும் சேர்த்து எண்ணுங்கள். அதிகம் வரும் பத்தை எடுத்து, ஆபரேட்டர் எதுவும் செய்யத் தேவையில்லாததை அலாரம் பட்டியலிலிருந்தே எடுத்து வெறும் மெசேஜாக்குங்கள். மிச்சத்தில் வாசகத்தை மாற்றுங்கள். ஓசூர் ஃப்ளோரில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி எல்லாம் இருக்கிறது. ஸ்க்ரீனில் இருப்பதோ இங்கிலீஷ் கோடு. செல்லின் படம் போட்டு எந்த சென்சார் என்று சிவப்பில் காட்டி, கீழே “சக் 2, சிப் பார், கேட் ரிக்வெஸ்ட் அழுத்து” என்று அவர்கள் மொழியில் எழுதினால் படிப்பார்கள்.

கேமரா மறுபார்வை தனிக் கதை. கெட்டது எவ்வளவு அரிதோ அவ்வளவு தப்பும். 2005-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த உல்ஃப் குழுவின் ஆய்வில், தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது 7% தவறியது; நூற்றில் ஒன்றாகக் குறைந்தபோது 30% தவறியது. கேமரா ஒதுக்குவதில் பெரும்பாலும் நல்ல ஜாப் என்றால் கண்ணும் “எல்லாம் ஓகே” என்று பழகிவிடும். முதலில் கேமராவின் பொய் ரிஜெக்டைக் குறையுங்கள். அப்புறம் எண் பொறித்த கெட்ட ஜாப்களை அவ்வப்போது கலந்துவிட்டு, பிடித்தாரா என்று உடனே சொல்லுங்கள். ஷிஃப்ட் முடிவில் அத்தனை எண்ணும் திரும்பி வந்ததா என்று எண்ணாமல் லாட்டை விடக் கூடாது. தவறவிட்டவரைப் பிடிக்க இதைப் பயன்படுத்தினால் அடுத்த மாதமே எண்ணைத் தேடிக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வார்கள்.

---

பென்னாகரத்தான்:

கோபாட் பற்றி யாரும் சொல்லவில்லையே. “வேலி வேண்டாம்” என்பது ரோபோவின் கைக்கு மட்டும் சொன்னது. நுனியில் இருக்கும் கிரிப்பர், ஸ்க்ரூ பிட், ஜாப்பின் கூர்மை இவற்றுக்குச் சப்ளையர் பொறுப்பேற்க மாட்டார். கோபாட்டுகளுக்கான ஐ.எஸ்.ஓ. டி.எஸ். 15066 கைவிரல் நசுங்குவதற்கு 140 நியூட்டன் வரை விடுகிறது, முகத்துக்கு 65 என்று எண் கொடுத்தாலும் முகத்தில் மோதலே கூடாது என்கிறது. இப்போது உங்கள் பெண்கள் உட்கார்ந்திருக்கும் உயரத்தில் கோபாட்டின் முழங்கை எங்கே சுழல்கிறது என்று பாருங்கள். முகத்துக்கு நேரே என்றால் அவர்கள் கையை இழுப்பதில் நியாயம் இருக்கிறது. மவுன்ட்டை மாற்றுங்கள், விசையை ஃபோர்ஸ் கேஜில் அளங்கள்.

பயம் வேகத்தால் மட்டும் வருவதில்லை; எப்போது அசையும் என்று தெரியாததால் வருகிறது. அசைவதற்கு அரை விநாடி முன் ஒரு விளக்கு, எப்போதும் ஒரே பாதை, தோளுக்குப் பின்னாலிருந்து இல்லாமல் கண்ணெதிரே பக்கவாட்டில் வருதல். ஸ்டார்ட் பெடலை அந்தப் பெண்ணின் காலடியில் வையுங்கள்: அவர் சொன்னால்தான் கோபாட் வர வேண்டும், கோபாட் வேகத்துக்கு அவர் ஓடக் கூடாது. இடையில் நாலைந்து ஜாப் பஃபர் இருந்தால் ஒருவர் தண்ணீர் குடிக்கப் போனாலும் லைன் நிற்காது. துப்பட்டா, முந்தானை, பின்னல் மூன்றும் கோட்டுக்கும் தொப்பிக்கும் உள்ளே.

சில மாதத்தில் பயம் தலைகீழாகும். ஒன்றும் ஆகவில்லையே என்று தலையைக் கொடுத்து எட்டிப் பார்ப்பார்கள். அப்போது மறுபடி டிரெயினிங். வேலை போய்விடுமோ என்ற பேச்சும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். தர்மபுரி, பாலக்கோட்டிலிருந்து பஸ்ஸில் வரும் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அதுதான் முதல் கேள்வி. ஹெச்.ஆர். பதில் சொல்லாமல் நீங்கள் லைட்டும் பெடலும் வைத்துப் பயனில்லை.

---

சூளகிரி_லைன்:

இன்சர்ட் டிரையலும் கேட் தாளும் இந்த வாரமே தொடங்குகிறேன். கேட் ரிக்வெஸ்ட் லாஜிக்கை எங்கள் மெயின்டனன்ஸ் ஆளே மாற்றலாமா?

---

சிப்காட்_பி.எல்.சி.:

சாதாரண பி.எல்.சி. பக்கம் மாற்றலாம். சேஃப்டி பி.எல்.சி. பக்கம், கேட் லாக் திறக்கும் நிபந்தனையை, செல் போட்டுக்கொடுத்தவரை வைத்து மாற்றுங்கள். பாஸ்வேர்டும், புரோகிராம் மாறியதா என்று காட்டும் செக்சம் எண்ணும் பதிவில் இருக்க வேண்டும். மாற்றிய பிறகு ரோபோ ஒவ்வொரு மூவின் நடுவிலும் இருக்கும்போது பட்டனை அழுத்திப் பாருங்கள், இரண்டு சி.என்.சி. கதவுகளின் நாலு நிலைகளிலும் தனித்தனியாக. பவர் போய் வந்த பிறகும் ஒருமுறை. கரன்ட் வந்ததும் லாக் திறந்துகொள்ளும் செல்கள் உண்டு.