யோச்சியென் சுற்றுலாவுக்கு அம்மாவும் கூடப் போக வேண்டுமா?

கயல்:
வணக்கம். டோக்கியோவுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. மகனுக்கு நான்கு வயது. ஏப்ரலில்தான் இங்குள்ள யோச்சியெனில், அதாவது பாலர் பள்ளியில், சேர்த்தோம். ஜப்பானிய மொழி இன்னும் அரைகுறைதான்.

மே மாதம் ஓயாகோ என்சொகு என்று பெற்றோரும் பிள்ளைகளுமாகப் போகும் சுற்றுலா இருந்தது. கசாய் கடற்கரைப் பூங்காவின் மீன் காட்சியகத்துக்குப் போனோம். சூரை மீன்கள் வட்டமடிக்கும் அந்தப் பெரிய தொட்டியின் முன் மஞ்சள் தொப்பிப் பிள்ளைகள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். என் மகன் மட்டும் என் மடியில். டீச்சர் சொல்வதை அவன் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இப்போது அக்டோபரில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு தோண்டப் போகிறார்கள். பேருந்தில் பிள்ளைகள் மட்டும். ஆனால் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "விருப்பமிருந்தால் நீங்களும் வரலாம்" என்றார். போகட்டுமா, வேண்டாமா?

ரேவதி:
போகாதீர்கள் கயல். உங்கள் பதில் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. மற்ற பிள்ளைகள் மீனைப் பார்த்தார்கள், உங்கள் மகன் உங்கள் முகத்தைப் பார்த்தான். அம்மா பக்கத்தில் இருக்கும்வரை அவனுக்கு டீச்சரிடம் பேச வேண்டிய தேவையே வராது.

என் மூத்தவளுக்கு நானும் இதையே செய்தேன். முதல் வருடம் முழுக்க எல்லாவற்றுக்கும் உடன் போனேன். நடைபாதையில் பிள்ளைகள் இரண்டிரண்டாகக் கை கோத்து நடப்பார்களே, அதில் அவளுடைய ஜோடி எப்போதும் நான்தான். அதனால் அவளுக்கு ஒரு தோழி கிடைக்க இன்னொரு வருடம் ஆனது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

அன்பரசன்:
ரேவதி அக்கா, இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டீச்சரே கூப்பிட்டிருக்கிறார். வாய் திறந்து கேட்கத் தயங்கும் ஊரில் ஒருவர் தானாக முன்வந்து கேட்கிறார் என்றால், அவருக்கு உதவி தேவை என்று அர்த்தம். யோச்சியெனில் ஒரு வகுப்புக்கு 35 பிள்ளைகள் வரை இருக்கலாம் என்பதுதான் விதி. அத்தனை பேர் வயலில் மண்ணைக் கிளறும்போது, "வயிறு வலிக்குது" என்று தமிழில் அழும் பிள்ளையை யார் கவனிப்பது?

2022 செப்டம்பரில் ஷிசுவோகா மாநிலம் மகினொஹாராவில் நடந்தது நினைவிருக்கிறதா? மூன்று வயதுக் குழந்தையைப் பள்ளிப் பேருந்திலேயே விட்டுவிட்டார்கள். சுமார் ஐந்து மணி நேரம், அந்த வெயிலில். குழந்தை இறந்துபோனது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து என் மகளைப் பேருந்தில் ஏற்றும்போதெல்லாம் எனக்குக் கை நடுங்கும்.

மலர்:
அன்பரசன் அண்ணா, அந்த பயம் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு என்ன மாறியது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 ஏப்ரலிலிருந்து பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் பிள்ளைகளை எண்ணிச் சரிபார்ப்பது சட்டப்படி கட்டாயம். பிள்ளைகளை அழைத்துவரும் பள்ளிப் பேருந்துகளில் எச்சரிக்கைக் கருவியும் பொருத்தியாக வேண்டும். ஓட்டுநர் இறங்கும் முன் பின் இருக்கை வரை நடந்துபோய்ப் பார்க்காவிட்டால் அது சத்தம் போடும்.

நான் ஒரு ஹொய்குயெனில் (வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்கான காப்பகம்) உதவியாளராக இருக்கிறேன். வெளியே போகும் நாளில் எத்தனை முறை எண்ணுவோம் என்று எனக்கே கணக்கில்லை. தலையைத் தொட்டுத் தொட்டுத்தான் எண்ணுவோம், கண்ணால் மட்டும் எண்ண விட மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஆள் பற்றாக்குறை உண்மை. எங்களைப் போன்ற காப்பகங்களில் நான்கு, ஐந்து வயதினருக்கு 30 பேருக்கு ஓர் ஆசிரியர் என்று 1948 முதல் இருந்ததை 2024இல்தான் 25 ஆக்கினார்கள்.

ரேவதி:
பேருந்தில் குழந்தையை விட்டுவிடுவார்களோ என்ற பயத்துக்கும் கயலின் கேள்விக்கும் சம்பந்தமில்லை தம்பி. அந்த பயம் இருந்தால் தினமும் அல்லவா கூடப் போக வேண்டும்? மொழிதான் கவலை என்றால் அதற்கு நான்கு சொற்கள் போதும். "இதாய்" என்றால் வலிக்கிறது. "தோயிரே" என்றால் கழிவறை. "மிசு" தண்ணீர். "தஸ்கெத்தே" காப்பாற்றுங்கள். ஒரு வாரம் விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை பிடித்துக்கொள்வான்.

அன்பரசன்:
நான்கு சொல்லில் ஒவ்வாமையைச் சொல்ல முடியுமா அக்கா? என் மகளுக்கு முட்டை ஆகாது. சுற்றுலாவில் பென்தோ (வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் சாப்பாடு) சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகள் தின்பண்டங்களை மாற்றிக்கொள்வார்கள். நட்பின் அடையாளமாக ஒரு பிள்ளை பிஸ்கட் நீட்டும்போது நான்கு வயதுக் குழந்தை வேண்டாம் என்று சொல்லாது. அன்றைக்கு நான் கூட இருந்ததால் தடுத்தேன். கயல் வீட்டில் சைவமா? அப்படியென்றால் இங்குள்ள கம்மி என்ற ஜெல்லி மிட்டாயில் பெரும்பாலும் ஜெலட்டின் (விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) இருக்கும், அதையும் யோசியுங்கள்.

கயல்:
ஆமாம், சைவம்தான். இதை நான் நினைக்கவே இல்லை. நன்றி அண்ணா.

ஆனால் மே மாதத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். நடுவில் ஐந்து நிமிடம் கழிவறைக்குப் போனேன். திரும்பி வந்தால் அவன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான், பக்கத்துச் சிறுமி அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்துவிட்டான். அந்தச் சிறுமி தன் கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ரேவதி அக்கா எழுதியதைப் படித்ததும் அந்த முகம்தான் ஞாபகம் வந்தது. நான் போகப் போவதில்லை.

அன்பரசன்:
சரி, முடிவு உங்களுடையது. எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். அவன் சாப்பிடக் கூடாததை ஜப்பானிய மொழியில் எழுதி டீச்சர் கையிலேயே கொடுங்கள். பையில் வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கயல்:
நேற்று போய் வந்தான். முந்தின நாள் மழை மேகம். மழை வராமலிருக்க வகுப்பில் செய்த வெள்ளைத் துணிப் பொம்மையை, தெருதெரு போஸு என்பார்களே, ஜன்னலில் கட்டிவிட்டுத்தான் தூங்கினான். காலையில் பேருந்து கிளம்பும்போது அழுதான். நானும் அழுதேன், தெரு முனை திரும்பிய பிறகு.

மாலையில் நகக்கண்ணெல்லாம் மண்ணோடு இறங்கினான். பை நிறையக் கிழங்கு. "தொரெத்தா! தொரெத்தா!" என்று கத்திக்கொண்டே வந்தான். பிடுங்கிவிட்டேன் என்று அர்த்தமாம், டீச்சர்தான் சொன்னார். எனக்கு அந்தச் சொல் தெரியாது.

அன்பரசன் அண்ணா, சட்டைப் பையில் ஒரு கம்மி உறை இருந்தது. ஜெலட்டின் உள்ளதுதான். சீட்டு எழுதி டீச்சர் கையில் கொடுத்தும் இப்படி. யார் கொடுத்தது என்று கேட்டேன். மே மாதம் தொப்பியைச் சரிசெய்த அதே சிறுமி.

அன்பரசன்:
இதைத்தான் சொன்னேன் கயல். ஜெலட்டின் என்பதால் போயிற்று, முட்டையாக இருந்து அவனுக்கும் ஆகாமலிருந்தால்?

ரேவதி:
தம்பி சொல்வது இதில் சரி. டீச்சரிடம் மறுபடி பேசுங்கள் கயல். அப்புறம் அந்தச் சிறுமியின் அம்மாவிடமும் பேசுங்கள், வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.