கிளாடியோலஸ் கிழங்கு தூங்குகிறதா, செத்துவிட்டதா? திருமலையில் (திருகோணமலையில்) வைத்தவர்கள் வந்து சொல்லுங்கள்

உவர்மலைக்காரி:
வெலிமடையில் இருந்து மச்சாள் கொண்டுவந்து தந்த கிழங்குகள். மழை ஓய்ந்த கையோடு தையில் வைத்தேன், பங்குனிக் கடைசியில் பூத்தன. பூவைப் பற்றிச் சொல்ல வரவில்லை, படம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இலை பழுத்த பிறகு கிண்டிய அன்று கண்டதுதான் இன்னும் மனதில் நிற்கிறது. மண்ணைத் தளர்த்தித் தூக்கினால், நான் நட்ட கிழங்கு வற்றி, அப்பளம் போல் அடியில் ஒட்டிக் கிடக்கிறது. அதன் தலைக்கு மேலே புதிதாக ஒரு கிழங்கு கொழுகொழுவென்று உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் இடையில் மெல்லிய நார்களில் தொங்கிக்கொண்டு குட்டிக் கிழங்குகள், பட்டாணி அளவிலும் அதைவிடச் சின்னதாகவும். கையை வைத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தன.

பெரியதுகளை வெங்காயப் பையில் போட்டுக் குசினியில் தொங்கவிட்டு, ஆவணியில் திரும்ப வைத்தேன். ஒன்றும் வரவில்லை. அழுகவும் இல்லை. மாமி போகும்போதும் வரும்போதும், “செத்ததுக்கு ஏன் பிள்ளை தண்ணி ஊத்துறாய்?” என்பா. ஒன்றைத் தோண்டி நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாய், ஈரமாய் இருக்கிறது. உயிரோடு இருக்கிறது என்றால் ஏன் முளைக்காது?

நிலாவெளித் தம்பி:
அக்கா, பிரிட்ஜில் வையுங்கள். எங்கள் வீட்டில் மனைவி கடதாசிப் பையில் சுற்றி மரக்கறித் தட்டில் வைத்திருந்தா. கொழும்பில் இருந்து வந்த பெரியம்மா சம்பலுக்கு வெங்காயம் தேடியிருக்கிறா. நான் உள்ளே போகும்போது ஒரு கிழங்கு பலகையில் இரண்டு பாதியாகக் கிடக்கிறது. பெரியம்மா அதை முகர்ந்து பார்த்துவிட்டு, “இதென்னடா, உங்கட ஊர் வெங்காயத்துக்கு மணமே இல்லை!” நல்லவேளை, மேலிருந்து கீழாக வெட்டியிருந்தா. இரண்டு பாதிக்கும் வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல் தடவிச் சாடியில் வைத்தேன். இரண்டும் முளைத்தன, ஒன்று பூத்தது. அந்தப் பூவுக்குப் பெரியம்மா பூ என்றுதான் பெயர்.

தோட்டக்கார அண்ணை:
உவர்மலைத் தங்கச்சி, உங்கள் கிழங்கு சாகவில்லை, உறங்குகிறது. கிண்டின புதிதில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் எழும்பாது. 4, 5 பாகை செல்சியஸ் குளிரில் மூன்று மாதமளவு இருந்தால் உறக்கம் கலையும். நம்முடைய குசினிச் சூட்டில் அது எங்கே கிடைக்கப் போகிறது? தம்பி வீட்டு பிரிட்ஜ் செய்தது அந்த வேலையைத்தான். ஆனால் வெட்டி வைக்கிற கதையை நான் ஏற்கமாட்டேன். இந்தப் புழுக்கத்தில் வெட்டுவாய் வழியே பூஞ்சணம் ஏறினால் கிழங்கு முழுதும் போய்விடும். குட்டிகள் அத்தனை சும்மா கிடைக்கும்போது கத்தி எதற்கு?

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பூத்தண்டை வெட்டும்போது செடியில் குறைந்தது நாலு இலையாவது விடுங்கள். புதுக் கிழங்கு பருப்பது அந்த இலைகளால்தான். ஆசைக்கு அடியோடு வெட்டினால் அடுத்த வருடம் சுண்டங்காய் அளவுக் கிழங்குதான். பூ முடிந்து ஆறு தொடக்கம் எட்டு வாரத்தில் கிண்டி, காற்றோட்டமான நிழலில் உலர்த்தி, அடியில் இருக்கிற பழைய கிழங்கை உடைத்து எறியுங்கள். பெரியதை 10 தொடக்கம் 15 சென்ரிமீற்றர் ஆழத்தில் வையுங்கள். மேலாக வைத்தால் கச்சான் காற்றுக்குச் சாய்ந்துவிடும். குட்டிகளுக்கு ஓடு தடிப்பு, ஒரு நாள் தண்ணீரில் ஊறவிட்டு 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் போட்டால் போதும். முதல் வருடம் புல் மாதிரி இலைதான் வரும். அதையும் கிண்டி, குளிரில் வைத்து, திரும்ப நட்டால் இரண்டாம் மூன்றாம் வருடம் பூக்கும். தாயின் நிறம் அப்படியே வரும். விதையில் வளர்த்தால் என்ன நிறம் வரும் என்று யாருக்கும் தெரியாது. இலையில் மஞ்சள் வரி கண்ட செடியின் கிழங்கை இரக்கப்பட்டு வைத்திருக்காதீர்கள், நச்சுயிரி கிழங்கோடேயே அடுத்த போகத்துக்கு வரும்.

என் அனுபவமா? மொட்டு வந்த அன்று ஆடு தின்றுவிட்டது.

பாலையூற்று அக்கா:
எனக்குக் கிழங்கு அனுபவம் இல்லை, தண்டு அனுபவம்தான். நத்தாருக்கு எங்கள் கோயில் பீடத்துக்கு நுவரெலியாவில் இருந்து பஸ்ஸில் கட்டுக்கட்டாக வந்தது. இரவு முழுக்கப் படுக்கப் போட்டுக் கொண்டுவந்ததில் ஒவ்வொரு நுனியும் மேலே பார்த்து வளைந்து நிற்கிறது. பீடம் சோடிக்கிற அன்ரி ஒன்றை நிமிர்த்தப் போய் டக்கென்று முறித்துவிட்டா. அப்புறம் ஒருவரும் தொடவில்லை, வளைவோடேயே பூசை நடந்தது. திருநாள் முடிந்து அந்தத் தண்டுகளை எங்கள் சின்னவன் கொண்டுபோய் வேலியோரம் ஊன்றி வைத்தான். ரோசாத் தடி மாதிரி வேர் விடும் என்று நினைப்பு. இதில் தண்டு வேர்விடாது, கிழங்கு வேண்டும் என்று எத்தனை சொல்லியும் அவன் நம்பவில்லை.

கந்தளாய்க்காரன்:
அண்ணை எல்லாம் சொன்னார், தண்ணீரைச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் இலை நுனி கருகிக்கொண்டே வந்தது. வெயில் என்றார்கள், பனிப்பூச்சி என்றார்கள். பூச்சி என்றால் இலையில் வெள்ளிக் கீறல் விழும், இது அப்படியில்லை. நுனியில் இருந்து கீழ்நோக்கி மண்ணிறம், ஒரு கோடு போட்ட மாதிரி நிற்கிறது. ஃபுளோரைட்டை முதலில் காட்டிக்கொடுக்கிற செடிகளில் இதுவும் ஒன்று. உலர்வலயத்தில் பல கிணறுகளில் ஃபுளோரைட் கூட. சுப்பர் பொஸ்பேற் உரத்திலும் இருக்கிறது, அதைக் கைநிறைய அள்ளிப் போடுவதற்கு முன் யோசியுங்கள். நான் இப்போது கூரைப் பீலியில் வருகிற மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றுகிறேன். புது இலைகள் பச்சையாக வருகின்றன.

நிலாவெளித் தம்பி:
அண்ணை, வெட்டினால் அழுகும் என்கிறீர்கள், சரி. வெட்டின உடனே ஈர மண்ணில் வைத்தால் அழுகத்தான் செய்யும். ஒன்றிரண்டு நாள் நிழலில் வெட்டுவாய் காயட்டும். துண்டு ஒவ்வொன்றிலும் முளைக்கண்ணும் வேர் வருகிற அடித்தட்டும் இருந்தால் எழும்பும். குட்டி பூக்கும்வரை காத்திருக்க எல்லோருக்கும் பொறுமை இருக்காது. நீங்கள் முதலில் ஆட்டைக் கட்டுங்கள்.