கோடி போட உரிமை இல்லாதவர்கள் தைத்த போர்வை

ஓவர்லாக் அக்கா, பழைய வண்ணாரப்பேட்டை:

நாங்கள் ஐந்து பேர். 1998-இல் ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஒரே லைனில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இந்தப் போர்வையை யாருக்காகத் தைத்தோமோ, அவள் காலர் வைப்பாள். நான் ஓவர்லாக். ஒருத்தி காஜா, ஒருத்தி செக்கிங், கடைக்குட்டி பிசிறு வெட்டும் மேசையில். கம்பெனியை மூடிய பிறகு நாங்கள் ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டோம். அவள் மட்டும் தையலை விடவில்லை. வீட்டு வாசலிலேயே மிஷினைப் போட்டு ஜாக்கெட் தைக்க உட்கார்ந்துவிட்டாள். இருபது வருஷம் எங்கள் எல்லோருக்கும், எங்கள் பெண்களுக்கும் ஜாக்கெட் அவள் கையில்தான். அளவு எடுக்கக் கூப்பிட மாட்டாள். நடந்து வருவதைப் பார்த்தே "இன்னாடி, கை டைட்டா இருக்குமே, அரை இஞ்ச் விடட்டா?" என்பாள்.

2023 செப்டம்பரில் போய்விட்டாள். மார்பகப் புற்றுநோய். கண்டுபிடித்ததிலிருந்து பதினான்கு மாதம்.

அன்றைக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். செய்தி கேட்டதும் நாங்கள் நால்வரும் எம்.சி. ரோட்டுக்கு ஓடி ஒரு சேலை வாங்கினோம். மாம்பழக் கலர், அரக்கு பார்டர், காட்டன். அவளுக்குப் பிடித்த ஜோடி அது. பிறந்த வீட்டுக் கோடியை, அதாவது செத்தவர் மேல் போர்த்தும் புதுத் துணியை, அவள் அண்ணன் போட்டார். அதற்குப் பிறகு நாங்கள் சேலையை எடுத்துக்கொண்டு போனபோது பெரியவர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். "கோடி சொந்தம் போடணும்மா. நீங்க மாலை போடுங்க." கோபமாகச் சொல்லவில்லை, முறையைத்தான் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீர் எடுக்க ஒரு ஆள், வாய்க்கரிசிக்கு ஒரு ஆள், பதினாறாம் நாளுக்குச் சீர் கொண்டுவர ஒரு ஆள் என்று சொந்தத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. சிநேகிதிக்கு எதுவும் இல்லை. வண்டி மூலகொத்தளம் சுடுகாட்டுக்குக் கிளம்பியது. பெண்கள் தெருமுனையோடு நின்றோம். சேலை என் கையில் பையோடு அப்படியே இருந்தது. அந்தச் சேலையை வீட்டில் வைக்காதே என்றார்கள். நான் பீரோ மேல் வைத்தேன்.

பிறகு டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். அவள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு உதவிக்குப் போனோம். அவள் வீட்டுக்காரர் நனைந்ததை எல்லாம் வாசலில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். பரண் மேல் ஒரு சிமெண்ட் சாக்கு மட்டும் நனையாமல் இருந்தது. "அது வெட்டுத்துணிதான், அதையும் தூக்கிப் போட்டுடலாம்" என்றார். கடைக்குட்டி சாக்கை அவிழ்த்தாள்.

எங்கள் ஜாக்கெட்டுகள். இருபது வருஷத்து மீதித் துண்டுகள். டூ பை டூ ரூபியாவில் எத்தனை பச்சை, எத்தனை நீலம். என் தங்கை கல்யாணத்து மெரூன், செக்கிங்காரி பெண்ணின் மஞ்சள் நீராட்டுக்குத் தைத்த ரோஸ், லைனிங் துணிகள், ஒரு சின்னப் பாவாடையின் ஜரிகைக் கரை. ஒன்றையும் அவள் தூக்கிப் போடவில்லை. கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் "இது எப்போ, இது யாருது" என்று ராத்திரி வரை பிரித்துக்கொண்டிருந்தோம். போர்வை தைக்கலாம் என்று யார் முதலில் சொன்னது என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

தைக்க நினைப்பவர்களுக்காக வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். முதலில் எல்லாத் துண்டையும் கல் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசினோம். ஒரு சிவப்புச் சுங்குடியை மட்டும் சோம்பேறித்தனத்தில் அலசாமல் விட்டேன். பின்னால் அது பக்கத்து நான்கு கட்டத்திலும் சாயம் இறக்கியது. அந்த ரோஸ் கறை இன்றும் இருக்கிறது. பாலியஸ்டரை ஒதுக்கிவிடுங்கள். காட்டனோடு சேர்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடும், துவைத்ததும் காட்டன் சுருங்கி அது மட்டும் உப்பி நிற்கும். நோட்டு அட்டையில் 5 இஞ்ச் சதுரம் வெட்டி அதையே அளவாக வைத்துக்கொண்டோம். நாலு பக்கமும் கால் இஞ்ச் தையலுக்குப் போனால் நாலரை இஞ்ச் கட்டம் நிற்கும். அகலத்துக்கு 12, நீளத்துக்கு 16, மொத்தம் 192 கட்டம். நாலரை அடிக்கு ஆறடி. கட்டங்களை அவள் மிஷினில்தான் தைத்தோம். பாபின் கேஸில் அவள் வைத்திருந்த டென்ஷன் திருகை யாரும் தொடவில்லை.

எல்லாம் முடிந்து விரித்துப் பார்த்தபோதுதான் கவனித்தோம். 192-இல் அவளுடைய ஜாக்கெட் துண்டு இருபத்து மூன்றுதான். ஊருக்கெல்லாம் தைத்தவள் தனக்கென்று தைத்துக்கொண்டது அவ்வளவுதான். அவளுக்காக என்று ஆரம்பித்த போர்வையில் நிறைய இருந்தது நாங்கள்தான். இது எனக்குப் பொறுக்கவில்லை. அவள் சேலை இரண்டு கேட்டுப் போனேன். அவள் அம்மா எடுத்துக் கொடுத்தார், ஆனால் ஒரு வார்த்தை சொன்னார்: "செத்தவ சேலைல கத்தரி வெக்காத கண்ணு."

வைக்கவில்லை. ஐந்தரை மீட்டர் சேலையை மூன்றாக மடித்தால் ஏறக்குறைய சரியாக ஆறடி வரும். இரண்டு சேலையையும் அப்படி முழுசாக மடித்து, அகலம் போதாத இடத்தை ஒன்று மாற்றி ஒன்று மூடும்படி தள்ளி வைத்து, உள்ளே கொடுத்தோம். நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பஞ்சு வேண்டியதே இல்லை. மேலே எங்கள் கட்டங்கள். அடியில், பீரோ மேல் மூன்று மாதம் இருந்த மாம்பழக் கலர் சேலை. அதை இரண்டாக வெட்டிச் சேர்த்தால் அகலம் சரியாக வந்தது. மிச்சத்தில் பார்டர் கட்டினோம்.

இத்தனை மடிப்பு மிஷினில் ஏறாது. 16-ஆம் நம்பர் ஊசியே இரண்டு உடைந்தது. மொட்டை மாடியில் விரித்து, கை அகலத்துக்கு ஒரு ஊக்கு குத்தி, நாலு பக்கமும் நாலு பேர் உட்கார்ந்து இழையோட்டம் போட்டோம். நடுவிலிருந்து ஓரத்துக்கு வர வேண்டும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் துணி குமியும். ஞாயிறு ஞாயிறாக ஐந்து மாதம். காலையில் காசிமேட்டில் மீன் வாங்கி, சமைத்து வைத்துவிட்டு மாடிக்கு வருவோம்.

செக்கிங்காரியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது முழுசாகாது. அவளும் போனவளும் கடைசி எட்டு மாதம் பேசவில்லை. தீபாவளிச் சீட்டுப் பணம், இருபதாயிரம். யார் மேல் தப்பு என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. வியாதி என்று தெரிந்த பிறகும் "நாளைக்குப் போறேன், நாளைக்குப் போறேன்" என்று தள்ளிக்கொண்டே இருந்தாள். கடைசியில் முகத்தைத்தான் பார்த்தாள். மாடியில் அவள் வாயே திறக்க மாட்டாள். தைப்பாள். எங்கள் தையல் அரிசி நீளத்துக்கு ஒன்று என்றால் அவளுடையது கடுகு கடுகாக நெருக்கமாக விழும். அவள் பக்கம் மட்டும் போர்வை அட்டை மாதிரி விறைப்பாகிவிட்டது. ஒரு நாள் கடைக்குட்டி "கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போடுக்கா" என்றதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஓவென்று அழுதாள். அன்றைக்குத் தைக்கவில்லை. அடுத்த ஞாயிறு எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கத்தை அப்படியே விட்டோம், பிரிக்கவில்லை.

போர்வையை அவள் பெண்ணுக்குக் கொடுத்தோம். பன்னிரண்டாவது முடித்து ஹாஸ்டலுக்குப் போகிற பெண். வாங்கிக்கொண்டது, பிரித்துப் பார்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு போன். "அத்தை, மூணாவது வரிசைல ஊதாவுல வெள்ளைப் புள்ளி, அது யாருது?"

உன் அம்மா உன் வயதில் சம்பளம் வாங்கி எடுத்த முதல் துணி, அது மட்டும் சாக்கில் அடியில் இருந்தது என்றேன். அதிலிருந்து வாரம் ஒரு கட்டம் கேட்கிறாள்.

உங்களில் யாராவது இப்படித் தைத்திருந்தால் எழுதுங்கள்.

பழைய நடுக்கள ஆட்டக்காரன், வியாசர்பாடி:

அக்கா, நான் தையல்காரன் இல்லை. ஆனால் எழுத வேண்டும் போலிருக்கிறது.

எங்கள் ஃபுட்பால் டீமின் கோல்கீப்பர் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரியில் அடிபட்டுப் போனான். 2019. பையன்கள் எல்லோரும் ஃபிளக்ஸ் வைத்தோம், பறை அடித்து ஆடினோம், பதினாறாம் நாள் சாப்பிட்டோம். பிறகு பேச ஒன்றுமில்லை. கிரவுண்டுக்குப் போனால் போஸ்ட்டைப் பார்க்க முடியாது. அவன் அம்மா ஒரு நாள் கூப்பிட்டு ஜெர்சி மூட்டையைக் கொடுத்து "யாருக்காவது ஆகுமா பாருப்பா" என்றார். யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை. பதினோரு ஜெர்சி.

தையல் கடை அண்ணன் ஒருவர் இரவில் கடை மூடிய பிறகு சொல்லித் தந்தார். ஜெர்சித் துணி நான்கு பக்கமும் இழுபடும். அவர்தான் பின்னால் கேன்வாஸ் ஒட்டி இஸ்திரி போடச் சொன்னார். ஜெர்சி என்பதால் இஸ்திரி சூடு குறைவாக இருக்க வேண்டும். முதல் ஒன்றில் அவன் நம்பர் உருகிவிட்டது. அன்றைக்கு நான் பட்டபாடு வேறு. மீதியை ஐந்து பையன்கள் முறைபோட்டு வந்து பிடித்துக்கொண்டார்கள். துணியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அவனைப் பற்றிப் பேச்சே வந்தது. முகத்தைப் பார்த்துப் பேச வேண்டாம் இல்லையா, கண் துணியில் இருக்கும்.

அம்மா அதைப் போர்த்திக்கொள்வதில்லை. மடித்துத் தலைக்கு வைத்துப் படுக்கிறார்.

கொருக்குப்பேட்டை பாட்டி:

எங்கள் வீட்டில் தெலுங்கு. நாங்கள் இதைப் பொந்த என்போம். என் அத்தை பழைய சேலையை அடுக்கித் தைப்பார், பிள்ளை பிறந்த வீட்டுக்குத்தான் கொடுப்பார். சாவு வீட்டுக்கென்று தைத்து நான் கேள்விப்பட்டதில்லை. இதைப் படித்த பிறகு என் சிநேகிதியை நினைத்துக்கொண்டேன். ரேஷன் கடை வரிசையில் பழக்கமானவள், நாற்பது வருஷம். அவள் போனபோது மருமகள் துணியெல்லாம் எடுத்துப் பாத்திரக்காரரிடம் போட்டுவிட்டாள். என்னிடம் அவளுடையது ஒரு கைக்குட்டைதான் இருக்கிறது.

அந்தச் செக்கிங்காரப் பெண்ணிடம் சொல்லு. நெருக்கிப் போட்ட தையல்தான் கடைசிவரை நிற்கும். பொந்தயில் எப்போதும் மற்ற இடம்தான் முதலில் விடும்.

ராயபுரம், முன்னாள் ஆலோசகர்:

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் உறுதியானது நம் சென்னையில்தான், 1986-இல். நான் எச்.ஐ.வி. ஆலோசகர் வேலைக்கு வந்தது அதற்கு வெகு காலம் கழித்து. எங்களோடு வேலை செய்த தோழி ஒருத்தி, தனக்கும் தொற்று இருப்பதை வெளிப்படையாகச் சொல்லி மற்றவர்களுக்குத் தைரியம் சொன்னவள், 2003 நவம்பரில் இறந்தாள். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரலில். அந்த ஐந்து மாதத்தை நான் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

சொந்தம் யாரும் வரவில்லை. அக்கா, உங்களுக்குக் கோடி போட உரிமை இல்லை என்றார்கள். எங்கள் தோழிக்குக் கோடி போடவே ஆள் இல்லை. நாங்கள்தான் போட்டோம்.

அமெரிக்காவில் எய்ட்ஸில் இறந்தவர்களுக்காக நண்பர்கள் தைத்த நினைவுப் போர்வையைப் பற்றி அப்போதுதான் ஒரு பயிற்சியில் கேட்டேன். ஒருவருக்கு ஒரு துணி, மூன்றடிக்கு ஆறடி, ஏறக்குறைய ஒரு கல்லறையின் அளவு. 1987 அக்டோபரில் வாஷிங்டனில் முதன்முதலாக விரித்தபோது 1,920 துணிகள். அங்கேயும் பல பேருக்கு வீட்டார் கைவிட்டு நண்பர்கள்தான் தைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்து, அவள் உட்காரும் நாற்காலியின் மேல் கிடந்த துப்பட்டாவில் நாங்கள் ஆறு பேர் அவள் பெயரைச் சங்கிலித் தையலில் போட உட்கார்ந்தோம். பெயரைத் தைக்கலாமா, வெளியே தெரிந்தால் அவள் பிள்ளைக்குப் பிரச்சினை வருமா என்று இரண்டு நாள் பேசினோம். கடைசியில் முதல் எழுத்தை மட்டும் தைத்தோம். அந்தப் பிள்ளைக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. போன வருஷம் வந்து, மீதி எழுத்துகளைத் தானே தைத்துத் தருவதாக வாங்கிக்கொண்டு போனான்.

ஓவர்லாக் அக்கா:

பாட்டி, நீங்கள் சொன்னதைச் செக்கிங்காரிக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. போனை வாங்கித் தானே இன்னொரு தடவை படித்தாள். உங்கள் கைக்குட்டையை வெட்ட வேண்டாம். ஒரு பெரிய துணியின் நடுவில் வைத்து நாலு ஓரமும் எம்மிங் போட்டால் போதும். கை நடுங்குகிறது என்றால் சொல்லுங்கள், கொருக்குப்பேட்டை எங்களுக்கு ஒன்றும் தூரமில்லை.

தம்பி, உருகின அந்த நம்பரை என்ன செய்தாய்? அதையும் சேர்த்தாயா?

சாக்கில் இன்னும் பாதி இருக்கிறது. பாப்பாவுக்கு இந்த மாதம் லீவு. அவளுக்கு ஊசி கோக்கவே தெரியாது, அவள் அம்மா மிஷின் பக்கமே விட்டதில்லை, படி படி என்றுதான் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பாயை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறேன்.